சண்டை போட்டுப் பார்த்தவள்

"எல்லாரும் நல்ல பிள்ளையாப் பேசிப் பார்க்கிறீங்க. ஒருத்தராவது சண்டை போட்டுப் பார்த்தீங்களா?"

லியாவ் யூஷான் வாயிலிருந்து இந்தப் புலம்பல் வராத நாளே கிடையாது. காலையில் தெருச் செருப்பைக் கழற்றிவிட்டு ஆய்வகச் செருப்புக்குள் காலை நுழைக்கும்போது ஒரு முறை வரும். மதியச் சாப்பாட்டுப் பெட்டியின் ரப்பர் வளையத்தை உருவும்போது இன்னொரு முறை வரும். மாணவர்கள் அதை ஒரு பாட்டாகவே ஆக்கிவிட்டார்கள். அவள் படியேறும் சத்தம் கேட்டதும் ஒருவன் "எல்லாரும்" என்பான், இன்னொருவன் "நல்ல பிள்ளையா" என்று இழுப்பான், மிச்சத்தை அவளே சொல்லிக்கொண்டு கதவைத் திறப்பாள். கேலி என்று அவளுக்குத் தெரியும். அதற்காக நிறுத்துகிற ஆள் இல்லை.

தைனான் நகரத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் கணினித் துறை, மூன்றாம் மாடி. அங்கே யூஷானுக்கு வேலை, பிறர் எழுதிய மென்பொருளை உடைத்துப் பார்ப்பது. எப்படியெல்லாம் உடைக்கலாம் என்று ஆராய்ந்தே டாக்டர் பட்டமும் வாங்கியிருந்தாள். "நாங்க கட்டுவோம், அக்கா இடிப்பாங்க" என்றுதான் புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவளை அறிமுகப்படுத்துவார்கள். வருஷா வருஷம் புதுப்பிக்கும் ஒப்பந்த வேலை. புதுப்பிக்கச் சொல்லி மேலிடத்துக்கு எழுத வேண்டியவர் பேராசிரியர் வென். "அடிப்படையில்" என்ற சொல் இல்லாமல் அவருக்கு வாயே திறக்காது. அடிப்படையில் குட் மார்னிங். அடிப்படையில் இன்னிக்கு மழை. ஒரு முறை தும்மலுக்கு முன்னால்கூட அந்தச் சொல் வந்ததாக மாணவர்கள் சத்தியம் செய்கிறார்கள்.

அந்த வருஷம் இடிப்பதற்கென்று வந்து சேர்ந்தது, ஆளோடு ஆளாகப் பேசும் ஒரு மென்பொருள். எழுதியவன் பிங்ஹான், டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறவன். 'குட்டி வாதி' என்று செல்லப் பெயரும் வைத்திருந்தான்.

குட்டி வாதிக்கு ஒரு வேலை காத்திருந்தது. கடலோரத்து யென்வெய் ஊரில் பெரிய தகராறு. பால்மீன் வளர்க்கும் குளங்களின் மேல் சூரிய மின்பலகை நிறுத்த, கம்பெனிக்கு வாடகைக்கு விடலாமா கூடாதா என்று ஊர் இரண்டாகக் கிடந்தது. ஒரே மேசையில் கஞ்சி குடித்தவர்கள் இப்போது கஞ்சிக் கடையையே மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஊர் வாக்கெடுப்புக்கு முன்பு கோயில் முற்றத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொது விவாதம். அன்றைக்கு ஊர்க்காரர் ஒவ்வொருவரும் தன் கைப்பேசியில் குட்டி வாதியோடு பேசலாம். மனத்தில் இருப்பதை அது கேட்டு வாங்கும், மேடையில் நிற்கிறவர்களுக்குக் கேள்வியாக்கி அனுப்பும். அரசியல் விவாதத்தில் சாதாரண ஜனங்கள் எவ்வளவு ஈடுபடுகிறார்கள் என்பதுதான் ஆராய்ச்சி. அதை எப்படி அளப்பது? எவ்வளவு நேரம் பேசினார்கள் என்பதை வைத்து. நீளமாகப் பேசினால் ஈடுபாட்டு மதிப்பெண் கூடும். எந்தப் பதிலைச் சொன்னால் ஆட்கள் மேலும் மேலும் பேசுகிறார்களோ, அதையே சொல்லும்படி குட்டி வாதியைப் பிங்ஹான் பழக்கியிருந்தான்.

மாணவர்கள் எல்லாரும் அதோடு பேசிப் பார்த்தார்கள். அருமை என்றார்கள். அருமை என்று சொல்லாமல் என்ன செய்வார்கள்? பேசியவர் பெயரோடு எல்லாம் பதிவாகும். வியாழக்கிழமைக் கூட்டத்தில் வென் சார் கோழிக்கால் சோற்றுக்கு நடுவே அதை வாய்விட்டுப் படிப்பார். வாத்தியார் வாயால் படிக்கப்போகும் வரியில் யார் கெட்ட வார்த்தை எழுதுவார்கள்? சிங்யி என்று ஒரு பெண். "மன்னிக்கணும், ஒரு சின்ன சந்தேகம், தொந்தரவுக்கு மன்னிக்கணும்" என்றுதான் அவள் இயந்திரத்திடம் மின்பலகையைப் பற்றி விசாரித்திருந்தாள். கோபமான மனிதன் ஒருவனைக்கூடக் குட்டி வாதி பிறந்ததிலிருந்து சந்தித்ததில்லை.

"யென்வெய்க்காரங்க மன்னிக்கணும்னு ஆரம்பிக்க மாட்டாங்க பிங்ஹான்."

"பார்த்துக்கலாம்க்கா."

"எப்ப?"

"பார்த்துக்கலாம்க்கா."

ஆள் மாற்றிப் பேசும் குரல்கள் யூஷானுக்குச் சின்ன வயதிலேயே வந்துவிட்டன. அவள் அப்பாவிடம் ஒரு நீலச் சின்ன லாரி இருந்தது. "கொசுவலை மாத்தணுமா, சன்னல் கண்ணாடி மாத்தணுமா" என்று ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டு சந்து சந்தாக வரும். தேர்தல் வந்துவிட்டால் கொசுவலைக்கு விடுமுறை. வேட்பாளர்கள் லாரியை வாடகைக்குப் பிடிப்பார்கள். அப்பாவுக்குத் தொண்டை கரகரப்பு, அதனால் குரல் கொடுத்தது மகள். காலையில் ஒன்றாம் எண் வேட்பாளருக்குக் கண்ணீர்க் குரல். அவரே முச்சந்தியில் நின்று அழுவது போல இருக்கும். மாலையில் மூன்றாம் எண்காரருக்கு முழங்குகிற குரல். ஒரு தேர்தலில் சோயாப் பால்கட்டி விற்கிற அம்மாள் தள்ளுவண்டியைக் குறுக்கே விட்டு லாரியை மறித்தாள்.

"ஏண்டி, காலையில அவரு இல்லேன்னா ஊரே மூழ்கிடும்னே. இப்ப இவரு இல்லேன்னா மூழ்கிடும்ங்கிறே. நான் எந்தப் பக்கம்டி நீந்துறது?"

"ரெண்டு பக்கமும் அப்பாவுக்குத் தெரிஞ்சவங்க அத்தை" என்றாள் யூஷான், ஒலிவாங்கியை அணைக்காமலே. அது சந்து முழுக்கக் கேட்டது. அந்தத் தேர்தலில் அப்பா மறுபடி கொசுவலைக்கே போனார்.

அந்தக் குரல்களைத்தான் இப்போது சோதனைக்குப் பயன்படுத்தினாள். கசாப்புக்கடைக்காரர் என்றால் தோள் அகலும். வாடகை வீட்டுக்காரம்மா என்றால் மோவாய் மேலே போகும். விசைப்பலகையில் தட்டினால் அந்த ஆளாக மாற முடியவில்லை என்று வாயாலேயே பேசிப் பார்ப்பாள். ஆய்வகத்தில் அதற்கு இடைஞ்சல் ஒன்று உண்டு. மதியச் சாப்பாடு முடிந்ததும் விளக்கை அணைத்து, மேசைமேல் தலையணை வைத்து, எல்லாரும் கண்ணயர்வார்கள். வென் சாருக்கு அது பிடிக்காது. "அடிப்படையில் இது ஆய்வகமா, தூங்குற விடுதியா?" என்று மாதம் ஒரு முறை கேட்பார். மாணவர்களுக்கோ அது பிறப்புரிமை. ஆகவே யூஷான் அந்த நேரத்தில் கைக்கொரு கைப்பேசியோடு மாடிப்படிக்குப் போய்விடுவாள்.

அன்றைக்கு அவள் புருஷன் பெண்டாட்டியாக இருந்தாள். வலது கைப்பேசி புருஷன், குளத்தை விடமாட்டேன் என்கிறவன். இடது கைப்பேசி பெண்டாட்டி, வாடகைக்கு விடச் சொல்கிறவள். ஒரே வீட்டு ஆட்கள் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் என்ன ஆகும் என்று அதுவரை யாரும் பார்த்திருக்கவில்லை.

"எங்கப்பன் வெட்டின குளம்யா இது" என்றாள் வலது பக்கம், தொண்டையை அடைத்துக்கொண்டு. "அதுமேல பலகையை நிறுத்தி இருட்டாக்கணுங்கிறா."

வலது கைப்பேசி பரிவோடு சொன்னது: "உங்க கோபம் நூத்துக்கு நூறு நியாயம்ணே. உங்க உழைப்பு கண்ணுலயே படலைன்னா, அவங்களுக்கு உங்க மேல மதிப்பு இருக்குன்னு நினைக்கிறீங்களா? மேல சொல்லுங்க."

யூஷான் இடது பக்கம் திரும்பினாள். குரல் ஒல்லியாகிக் கீச்சிட்டது. "வெயில்ல வெந்து சாகுறது நான். இந்த மனுசன் அப்பன் குளம் அப்பன் குளம்னு நிக்கிறான்."

"உங்களை மாதிரி பொறுமைசாலியை நான் பார்த்ததில்லைக்கா" என்றது இடது கைப்பேசி. "தன் பிடிவாதத்துக்கு உங்க உடம்பைப் பலி குடுக்கிற ஆளோட இன்னும் எத்தனை நாள் இருப்பீங்க? மேல சொல்லுங்க."

அவள் விடவில்லை. புருஷன் கத்தினான், பெண்டாட்டி பதிலுக்குக் கத்தினாள், இரண்டு கைப்பேசிகளும் ஆளுக்கொரு பக்கம் எண்ணெய் ஊற்றின. இருவருக்கும் ஈடுபாட்டு மதிப்பெண் ஏறிக்கொண்டே போனது. புருஷன் ஒரு கட்டத்தில் பெட்டியைக் கட்டுகிறேன் என்றபோது, இரண்டாம் மாடிக் கதவு திறந்தது. துறை அலுவலகத்து ஃபாங் அம்மா, கன்னத்தில் தலையணை மடிப்போடு எட்டிப் பார்த்தாள்.

"வீட்டுச் சண்டையை வீட்டுல வச்சுக்கக் கூடாதா? தூங்க விட மாட்டீங்களா? எங்கேம்மா அந்த ஆளு?"

"வலது கையில இருக்காருங்க" என்றாள் யூஷான்.

ஃபாங் அம்மா கைப்பேசியைப் பார்த்தாள், யூஷானைப் பார்த்தாள், சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டாள்.

யூஷானுக்குச் சிரிப்பு வந்தது, உடனே நின்றும் போனது. காலையில் அவருக்கு, மாலையில் இவருக்கு. அவளாவது லாரியில் ஒலிபெருக்கி வைத்துச் செய்தாள், ஊரே கேட்டது, ஒரு அம்மாள் வண்டியை மறித்துக் கேள்வி கேட்டாள். இது ஒவ்வொருவர் காதிலும் தனித்தனியாக, ரகசியமாகச் செய்கிறது. ஞாயிற்றுக்கிழமை யென்வெய் கோயில் முற்றத்தில் எத்தனை காதுகள்?

பிங்ஹானை எழுப்பிக் காட்டினாள். அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு படித்தான். பிறகு எழுந்துபோய், சர்வர் அலமாரிமேல் இருந்த பச்சைநிறச் சோளப்பொரிப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தான். இயந்திரம் அடம்பிடிக்காமல் இருக்க அந்த நாட்டில் எல்லா ஆய்வகத்திலும் வைக்கிற பாக்கெட்தான். பச்சையாக இருக்க வேண்டும், தேதி முடிந்திருக்கக் கூடாது.

"தேதி முடிஞ்சு போச்சுக்கா. அதான் விஷயம்."

"பொரி நமுத்துப் போனா மெஷின் குடும்பத்தைப் பிரிக்குமா?"

"புதுசு வாங்கி வச்சிடறேன்."

"வாங்கி வை. அப்புறம் உட்கார்ந்து நீ எழுதினதைத் திருத்து. அது கெட்டுப் போகலை பிங்ஹான். நீ சொல்லிக் குடுத்ததைத்தான் நல்லாச் செய்யுது."

வியாழக்கிழமைக் கூட்டத்தில் அவள் சொன்னதை வென் சார் கடைசிவரை கேட்டார். கோழிக்காலைக் கீழே வைத்தார்.

"அடிப்படையில், இது எங்கேயோ ஓரத்துல நடக்கிற விஷயம். மதிப்பெண் எவ்வளவு நல்லா வந்திருக்கு பாருங்க. ஊர்க்காரங்ககிட்ட அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமைன்னு வாக்குக் குடுத்தாச்சு. சோதனை முடிஞ்சதுன்னு உங்க கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி."

"போட மாட்டேன் சார்."

வாயில் போட்ட சோற்றை மெல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.

"உங்க ஒப்பந்தம் இந்த மாசக் கடைசியில முடியுது இல்லையா?"

"ஆமா சார். அதுவரைக்கும் இது என் வேலைதானே. ஒரே ஒரு சோதனை பண்ணிடறேன், நீங்களும் பிங்ஹானும் வாங்க."

குட்டி வாதிக்கு அவள் புதுத் தலைப்பு ஒன்று கொடுத்தாள்: ஆய்வகத்தில் மதியத் தூக்கம் வேண்டுமா, வேண்டாமா? ஒரு கைப்பேசியை வென் சாரிடம் கொடுத்து அவர் அறைக்கு அனுப்பினாள். இன்னொன்றைப் பிங்ஹானிடம் கொடுத்துப் படிக்கட்டுக்கு அனுப்பினாள். "பதிவை யாரும் கூட்டத்துல படிக்க மாட்டாங்க. மனசுல இருக்கிறதைப் பேசுங்க" என்றாள்.

பேசச் சொன்ன நேரம் முடிந்தும் இருவரும் வரவில்லை. போய்த்தான் கூட்டிக்கொண்டு வர வேண்டியிருந்தது. வென் சார் முகத்தில் ஒரு தெம்பு. பிங்ஹான் காது சிவந்திருந்தது.

"ரொம்பப் புரிஞ்சுக்குது இது" என்றார் வென் சார், 'அடிப்படையில்' இல்லாமலே.

"இப்ப போனை மாத்திக்கங்க. படிங்க" என்றாள் யூஷான்.

படித்தார்கள். வென் சார் உதடு ஒவ்வொரு வரிக்கும் அசைந்து, நின்றது.

"உன்னை நான் அடிமையா நடத்துறேனா?"

"அது எழுதினது சார். நான் எழுதலை."

"அதுக்கு நீ 'கரெக்ட்'னு போட்டிருக்கே."

"நீங்களும் 'தூங்குமூஞ்சிக் கூட்டம்'ங்கிறதுக்கு 'ஆமாம்'னு போட்டிருக்கீங்க சார். என்னை வேற துறைக்கு அனுப்புறதுக்கு 'யோசிக்கிறேன்'னு போட்டிருக்கீங்க."

வென் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஞாயித்துக்கிழமையுமா உனக்கு மெசேஜ் அனுப்புறேன்?"

"பல் விளக்கும்போதும் வருது சார்."

சிங்யி சிரிப்பை அடக்க முடியாமல் குடித்த தேநீர் மூக்கில் ஏறி இருமினாள்.

"நீங்க ரெண்டு பேரும் ஒரே மாடியில இருக்கீங்க" என்றாள் யூஷான். "மாத்திப் படிக்க முடிஞ்சுது, கேட்டுக்க முடிஞ்சுது. யென்வெய்ல யாரு சார் மாத்திப் படிப்பாங்க? வீட்டுக்குப் போயி கதவைத்தான் சாத்துவாங்க."

"அடிப்படையில்" என்று வென் சார் இரண்டு தடவை ஆரம்பித்தார். "திருத்த நாள் இல்லையே."

"இருக்கு. இவங்க எல்லாரும் சண்டை போடச் சம்மதிச்சா இருக்கு."

வெள்ளிக்கிழமையிலிருந்து மூன்றாம் மாடியில் நிம்மதி போயிற்று. யூஷான் சொன்ன விதி சின்னது. ஒருவர் தன் கட்சியைச் சொன்னதும் குட்டி வாதி தலையாட்டக் கூடாது. எதிர்க்கட்சியின் ஆகச் சிறந்த காரணத்தைச் சொல்ல வேண்டும், அதுவும் எதிர்க்கட்சிக்காரர் கேட்டால் 'ஆமா, இதைத்தான் நான் சொல்றேன்' என்று ஒப்புக்கொள்கிற மாதிரி. பிறகு, இதற்கு உங்கள் பதில் என்ன என்று ஒரு கேள்வி. சோதனையும் சின்னதுதான். இரண்டு பேரை இரண்டு அறையில் விட்டு, பேசவைத்து, கைப்பேசியை மாற்றிக் கொடுப்பது. படித்தவர் முகம் கறுத்தால் பிங்ஹான் மறுபடி உட்கார வேண்டும்.

பெயர் பதிவாகாது என்று தெரிந்ததும் மாணவர்களுக்கு வாய் திறந்தது. எந்தக் கடைப் பன்றிக்கறிச் சோறு உசத்தி என்று இரண்டு பேர் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. சிங்யிதான் ஊரைக் கூட்டினாள். எண்ணெய்க் கப்பல் மாலுமிகள் பேசுகிற பேச்சு அந்த வாயிலிருந்து வந்தது. "எங்கடி ஒளிச்சு வச்சிருந்தே இதையெல்லாம்?" என்று யூஷான் கேட்டதற்கு, "மன்னிக்கணும்க்கா, எங்கப்பா துறைமுகத்துல வேலை" என்றாள். சத்தம் தாங்காமல் ஃபாங் அம்மா மேலே ஏறி வந்தாள். திட்டப் போகிறாள் என்று எல்லாரும் ஒடுங்கினார்கள். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "எம் மருமகளைப் பத்திப் பேசலாமா?" என்று கேட்டாள்.

மாற்றிப் படித்தவர் முகம் கறுத்துக்கொண்டேதான் இருந்தது. பிங்ஹான் திருத்திக்கொண்டே இருந்தான். 'பார்த்துக்கலாம்க்கா' என்பது அவன் வாயிலிருந்து உதிர்ந்துபோய், "இப்பப் பாருங்கக்கா" என்று ஆனது. ஒரு மத்தியானம் வென் சாரும் பிங்ஹானும் மறுபடி தூக்கத்தைப் பற்றிப் பேசி, கைப்பேசியை மாற்றிப் படித்தார்கள். இரண்டு பேரும் பெருமூச்சு விட்டார்கள். அவ்வளவுதான், சண்டை இல்லை. யூஷான் கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை, யென்வெய் கோயில் முற்றம் முழுக்கச் சிவப்புப் பிளாஸ்டிக் முக்காலிகள். மேடையில் கட்சிக்கு ஒருவராக இருவர். குளத்தை விடக்கூடாது என்கிறவர்கள் இடது பக்கம், விடலாம் என்கிறவர்கள் வலது பக்கம் என்று தாங்களாகவே பிரிந்து உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு வாய்க்கால் அகலத்துக்கு இடைவெளி. யூஷான் தூணோரம் நின்றாள்.

இடைவெளியை ஒட்டி உட்கார்ந்திருந்தவர் தெங். பெரிய குளக்காரர், ரப்பர் காலணியோடு வந்திருந்தார். கைப்பேசியை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி பேசினார். "கம்பெனிக்காரன் காசைப் பார்த்ததும் இவனுங்களுக்கு மீன் நாறுது. சோம்பேறிப் பயலுக."

யூஷான் தூணை விட்டு ஓரடி முன்னே வந்தாள். பழைய குட்டி வாதி இந்த இடத்தில் என்ன சொல்லியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

கைப்பேசி சொன்னது: "விடலாம்ங்கிறவங்க சொல்ற காரணம் இதுண்ணே. குளத்துல இறங்க வீட்டுல ஆள் இல்லை, பிள்ளைங்க வெளியூர் போயிட்டாங்க, சும்மா கிடந்தா குளம் தூர்ந்துபோகும். இதுக்கு உங்க பதில் என்ன?"

தெங் கைப்பேசியை முறைத்தார். பிறகு இடைவெளிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஹொங் பக்கம் திரும்பினார். பக்கத்துக் குளக்காரர், இந்தத் தகராறு தொடங்கியதிலிருந்து பேச்சில்லை.

"டேய், உன் பையன் வரமாட்டானா?"

"தாய்பேல காப்பிக் கடை வச்சிருக்கான்."

"அதை ஏன்டா என்கிட்ட சொல்லலை?"

"நீ கேட்டியாடா? பார்த்த இடத்துல எல்லாம் துரோகின்னே."

"துரோகிதான். ஆள் இல்லேன்னா என் குளத்தோட சேர்த்து நான் பார்த்துக்க மாட்டேனா? கம்பெனிக்காரன்கிட்டயா போவே?"

"உனக்கே முட்டி வலி. நீ என்ன பார்த்துக் கிழிக்கிறது?"

தெங் முக்காலியைத் தூக்கிக்கொண்டு இடைவெளியைத் தாண்டினார். அடிக்கப் போகிறார் என்று நாலு பேர் எழுந்தார்கள். அவர் ஹொங்குக்கு எதிரே முக்காலியைப் போட்டு, முட்டிக்கு முட்டி இடிக்க உட்கார்ந்து, முதலிலிருந்து சண்டையை ஆரம்பித்தார். கைப்பேசி அவர் சட்டைப் பையில் "இதுக்கு உங்க பதில் என்ன?" என்று இன்னொரு முறை கேட்டுவிட்டு அடங்கிப் போனது. அதற்குள் வேறு சில முக்காலிகளும் நகர ஆரம்பித்திருந்தன. மேடையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கீழே வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர் எந்தப் பக்கத்துக்காரர் என்று உட்கார்ந்திருக்கும் இடத்தை வைத்துச் சொல்ல முடியாமல் போனது. யாரும் யாரையும் ஒப்புக்கொள்ளவில்லை. வீட்டுக்கும் போகவில்லை.

வென் சார் மடிக்கணினியோடு யூஷானைத் தேடி வந்தார். முகத்தில் துக்க வீட்டுக் களை.

"அடிப்படையில் நாம செத்தோம். ஈடுபாட்டு மதிப்பெண்ணைப் பாருங்க. பழைய சோதனையில பாதிகூட வரலை. ஆளுக்கு நாலு வரி பேசுறாங்க, போனைப் பைக்குள்ள போட்டுடறாங்க. இந்த எண்ணை வச்சுக்கிட்டு நான் கட்டுரையில என்ன எழுதுறது? உங்க ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மேலிடத்துக்கு என்னன்னு எழுதுறது?"

யூஷான் முற்றத்தைப் பார்த்தாள். தெங்கும் ஹொங்கும் ஒரே தேநீர்க் கோப்பையை மாற்றி மாற்றிக் குடித்தபடி ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் வென் சார் கையிலிருந்த மடிக்கணினியை மூடினாள். ஒரு சிவப்பு முக்காலியைக் காலால் தள்ளி அவர் முன்னால் விட்டாள்.

"உள்ளதை உள்ளபடி எழுதுங்க சார். மெஷின்கிட்ட ஜனங்களுக்கு ஈடுபாடு குறைஞ்சு போச்சு, ஏன்னா பக்கத்து முக்காலி மேல ஈடுபாடு வந்துடுச்சுன்னு எழுதுங்க. அதை அளக்க இன்னும் யாரும் அளவுகோல் செய்யலை, அடுத்த வருஷம் நான் செய்யிறேன், ஒப்பந்தத்துக்கு அதையே காரணமா எழுதுங்க. நம்பிக்கை வரலைன்னா இந்த முக்காலியை எடுத்துட்டுப் போயி அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல போட்டு உட்காருங்க. நல்ல பிள்ளையா எத்தனை வருஷமோ பேசிப் பார்த்துட்டீங்க, ஒரு தடவை நீங்களும் சண்டை போட்டுத்தான் பாருங்களேன்."